அசுத்தம் தண்ணீரில் இல்லை



அரபு மத்ரஸாவில் சேரும் பிள்ளைக்கு பிக்ஹுக் கிதாபில் முதலாவதாக ஓதிக் கொடுக்கப்படுவது தண்ணீரைப் பற்றிய பாடமாகும். எந்தத் தண்ணீரில் வுழூச் செய்யலாம், எது விழுந்தால் தண்ணீர் நஜீஸாகும் என்பதையெல்லாம் அந்தப் பாடம் விபரமாகச் சொல்கிறது. இரண்டு குல்லத்து, அதாவது ஏறக்குறைய 200 லீற்றர் தண்ணீர் இருந்தால், அதில் நஜீஸ் விழுந்தாலும்கூட நிறமோ ருசியோ மணமோ மாறாத வரை அது சுத்தமானதே என்பது நம்முடைய ஷாபிஈ மத்ஹபின் சட்டம். நம் பள்ளிவாசல் ஹவுழில் முதலாளியும் மூட்டை சுமப்பவரும் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்து கை கழுவுவது இந்தச் சட்டத்தின் நிழலில்தான்.

இந்தப் பாடத்தை ஓதியவர்களுக்கு நான் இப்போது சொல்லப்போகும் செய்தி விசித்திரமாக இருக்கும். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் பஸடீனா என்றொரு நகரம் உண்டு. அங்குள்ள புரூக்ஸைட் பூங்காவில் பெரிய பொது நீச்சல் தடாகம் ஒன்று இருந்தது. 1930களில் அந்தத் தடாகத்தில் வெள்ளையர் எந்நாளும் நீந்தலாம். கறுப்பர், மெக்ஸிக்கர், ஆசியர் ஆகியோருக்கு வாரத்தில் புதன்கிழமை மட்டுமே அனுமதி. அவர்கள் நீந்திப் போன பிறகு தடாகத்தின் தண்ணீர் முழுவதையும் இறைத்துவிட்டுப் புதுத் தண்ணீர் நிரப்புவார்கள். அதன் பின்னரே வெள்ளையர் இறங்குவார்கள்.

எத்தனையோ குல்லத்துத் தண்ணீர்! அதில் எந்த நஜீஸும் விழவில்லை. நிறம் மாறவில்லை, மணம் மாறவில்லை. அதில் இறங்கியது அல்லாஹ் படைத்த பிள்ளைகள். அவ்வளவுதான்.

அந்தப் புதன்கிழமைப் பிள்ளைகளில் ஒருவர்தான் ஸெமி லீ. பின்னாளில் உலகமே அறிந்த நீர்ப்பாய்ச்சல் வீரரானவர். அவருடைய வரலாற்றில் உம்மாமாரான உங்களுக்குச் சில பாடங்கள் இருப்பதால் இம்மாதம் அதனை எடுத்துக் கொண்டேன்.

1920 ஆம் ஆண்டு ஓகஸ்ட் முதலாம் திகதி கலிபோர்னியாவின் பிரெஸ்னோ நகரில் அவர் பிறந்தார். தாயும் தந்தையும் கொரியாவிலிருந்து வந்து குடியேறியவர்கள். லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் ஒரு பகுதியில் சிறிய சாப்பாட்டுக் கடை நடத்திப் பிள்ளைகளை வளர்த்தார்கள். 1932 ஆம் ஆண்டு அந்த நகரில் ஒலிம்பிக் போட்டி நடந்தது. தெருவெங்கும் பல நாட்டுக் கொடிகள் பறப்பதைக் கண்ட பன்னிரண்டு வயதுச் சிறுவன், இது என்ன என்று தகப்பனிடம் கேட்டான். உலகத்திலுள்ள சிறந்த வீரர்கள் கூடும் இடம் என்று அவர் விளக்கினார். நானும் ஒருநாள் அதில் வெல்வேன் என்றான் மகன். எந்த விளையாட்டில் என்று அவனுக்கே அப்போது தெரியாது. அந்தக் கோடையில்தான், தடாகத்தின் பலகையிலிருந்து குதிக்கும்போது தன்னால் மற்றவர்களைவிட நன்றாகக் குட்டிக்கரணம் போட முடிகிறது என்பதைக் கண்டுகொண்டான்.

இந்த விளையாட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நீர்ப்பாய்ச்சல் மேடை தண்ணீர் மட்டத்திலிருந்து 10 மீற்றர் உயரத்தில் இருக்கும். ஏறத்தாழ மூன்று மாடி உயரம். அங்கிருந்து பாய்பவர் தண்ணீரைத் தொடுவதற்கு இரண்டு வினாடிகூடச் செல்லாது. அதற்குள் ஆகாயத்தில் இரண்டு மூன்று சுற்றுச் சுழன்று, உடம்பை நேராக்கி, ஊசி இறங்குவது போல் தண்ணீருக்குள் இறங்க வேண்டும். தண்ணீரைத் தொடும் வேளையில் வேகம் மணிக்கு 50 கிலோ மீற்றர் அளவுக்கு இருக்கும். உடம்பு சற்றுச் சரிந்து விழுந்தாலும் தண்ணீர் கல்லைப் போல் அடிக்கும். நடுவர்கள் பூச்சியத்திலிருந்து பத்து வரை புள்ளி கொடுப்பார்கள். பாய்ச்சல் எவ்வளவு கடினமோ அதற்கேற்ப அந்தப் புள்ளி பெருக்கப்படும். ஆகவே ஒரே பாய்ச்சலை ஆயிரம் தடவை செய்து பழகியவரால்தான் போட்டியில் தலைநிமிர முடியும்.

வாரத்தில் ஒருநாள் மட்டுமே தண்ணீரைத் தொட அனுமதியுள்ள பிள்ளை எப்படி ஆயிரம் தடவை பழகுவது? அவருடைய பயிற்சியாளர் ஒரு வழி கண்டார். நிலத்தில் குழி தோண்டி, அதில் மணலை நிரப்பி, அதன் ஓரத்தில் பலகை ஒன்றை அமைத்தார். மற்ற நாட்களில் அந்தப் பையன் மணலில் குதித்தான். தண்ணீரில் தலைகீழாக இறங்குபவன் மணலில் காலால் இறங்கினான். மணலிலிருந்து காலை இழுத்து இழுத்து அவனுடைய கால்கள் வலுப்பெற்றன. ஐந்தடியைச் சற்றே தாண்டிய உயரமுள்ள அவர், மேடையிலிருந்து மற்றவர்களைவிட உயர எம்பக் கூடியவராக ஆனதற்கு அந்த மணற்குழியும் ஒரு காரணம் என்பார்கள்.

சகோதரிகளே, இங்கே சற்று நில்லுங்கள். கதவை அடைத்தவர்களின் கொடுமையை நான் நியாயப்படுத்தவில்லை. அநியாயத்தில் நன்மை விளைந்தாலும் அநியாயம் அநியாயம்தான். ஆனால் கதவு அடைபட்ட பிள்ளைக்குப் பக்கத்தில் பெரியவர் ஒருவர் மண்வெட்டியுடன் நின்றார் அல்லவா? அதைக் கவனியுங்கள். உங்கள் பிள்ளைக்கு ஒரு வாசல் மூடப்படும்போது நீங்கள் கூடவிருந்து அழுவதுடன் நிறுத்திக் கொள்கிறீர்களா, குழி தோண்டிக் கொடுக்கிறீர்களா?

ஸெமி லீயின் தகப்பனுக்கு ஓர் ஆசை இருந்தது. மகன் டொக்டராக வேண்டும் என்பதே அது. விளையாட்டில் மூழ்கிப் படிப்பு தவறிவிடக் கூடாது என்று அவர் உறுதியாக இருந்தார். மகனும் படிப்பை விடவில்லை. உயர்தரப் பாடசாலையில் மாணவர் தலைவராகத் தெரிவானார். வெள்ளையரல்லாத ஒருவர் அந்தப் பாடசாலையில் அப்பதவிக்கு வந்தது அதுவே முதல் தடவை. அப்படியிருந்தும் பாடசாலையின் பிரியாவிடை வைபவம் பஸடீனாவிலுள்ள ஒரு மண்டபத்தில் நடந்தபோது, நிறத்தின் காரணமாக அவருக்கு உள்ளே அனுமதி இல்லை. மாணவர்கள் தலைவராக்கினார்கள், மண்டபம் வாசலில் நிறுத்தியது!

1942 ஆம் ஆண்டு அவர் அமெரிக்காவின் தேசிய நீர்ப்பாய்ச்சல் சம்பியனானார். வெள்ளையரல்லாத ஒருவர் அந்தப் பட்டத்தை வெல்வது அதுவே முதல் முறை. மறுவருடம் தகப்பன் காலமானார். இரண்டாம் உலக யுத்தத்தின் காரணமாக 1940 ஆம், 1944 ஆம் ஆண்டுகளின் ஒலிம்பிக் போட்டிகளும் நடைபெறவில்லை. ஒரு விளையாட்டு வீரனுக்கு அவை திரும்பக் கிடைக்காத வருடங்கள். அந்த வருடங்களில் அவர் தகப்பனின் ஆசையை நிறைவேற்றினார். மருத்துவம் படித்து 1947 ஆம் ஆண்டு டொக்டராகி வெளியேறினார். காது, மூக்கு, தொண்டை வைத்தியத்தில் பின்னர் நிபுணரானார். பார்ப்பதற்குத் தகப்பன் உயிருடன் இல்லை.

1948 ஆம் ஆண்டு லண்டனில் ஒலிம்பிக் நடந்தது. நம் நாடு முதன்முதலாகப் பங்குபற்றியதும், டங்கன் வைட் தடைதாண்டி ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் வென்றதும் அதே ஒலிம்பிக்கில்தான். அங்கே 28 வயதான டொக்டர் ஸெமி லீ, 10 மீற்றர் மேடையிலிருந்து மூன்றரைச் சுற்றுச் சுழலும் கடினமான பாய்ச்சலைப் பாய்ந்து தங்கப் பதக்கம் வென்றார். ஸ்பிரிங் பலகைப் போட்டியில் வெண்கலமும் பெற்றார்.

அதற்கு இரண்டு நாட்களுக்கு முன்னர் அதே தடாகத்தில் அமெரிக்காவுக்காகத் தங்கம் வென்ற பெண் ஒருவரையும் இங்கு சொல்ல வேண்டும். விக்டோரியா மனாலோ என்பது அவருடைய பெயர். தகப்பன் பிலிப்பீன்ஸ் நாட்டவர், தாய் இங்கிலாந்துப் பெண். ஸான் பிரான்ஸிஸ்கோவில் அவர் பயிற்சிக்குச் சேர்ந்தபோது, தகப்பனின் பெயரை மறைத்துத் தாயின் குடும்பப் பெயரான டெய்லர் என்பதை வைத்துக் கொள்ளும்படி சொன்னார்கள். பதினாறு, பதினேழு வயதுப் பெண்பிள்ளை தகப்பனின் பெயரைச் சொல்ல முடியாமல் நின்ற நிலைமையை எண்ணிப் பாருங்கள். அந்தப் பெண், 1948இல் ஸ்பிரிங் பலகை, மேடை ஆகிய இரண்டிலும் தங்கம் வென்றார். ஒரே ஒலிம்பிக்கில் நீர்ப்பாய்ச்சலின் இரு தங்கங்களையும் வென்ற முதற் பெண் அவரே. உடை விடயத்தில் நம் மார்க்கத்தின் வரையறை வேறு என்பதை நீங்கள் அறிவீர்கள். நாம் இங்கே பார்ப்பது அந்தப் பிள்ளையின் பெயருக்கு இழைக்கப்பட்ட அநியாயத்தை.

நான்கு வருடம் கழித்து, 1952 ஆம் ஆண்டு பின்லாந்தின் ஹெல்ஸிங்கி நகரில், தமது 32 ஆவது பிறந்த நாளன்று ஸெமி லீ மீண்டும் மேடைப் பாய்ச்சலில் தங்கம் வென்றார். அப்போது அவர் அமெரிக்க இராணுவத்தின் வைத்தியப் பிரிவில் மேஜர். மேடைப் பாய்ச்சலில் அடுத்தடுத்து இரு தடவை ஒலிம்பிக் தங்கம் வென்ற முதல் ஆண்மகன் அவர்தான். அதன்பின் பெற்றோரின் நாடான கொரியாவுக்கே இராணுவ வைத்தியராகச் சென்று பணியாற்றினார். 1954 ஆம் ஆண்டு அமெரிக்க அரசாங்கம் அவரை நல்லெண்ணத் தூதுவராக ஆசிய நாடுகளுக்கு அனுப்பியது.

இதன் பின்னர் நடந்ததைக் கேளுங்கள். 1955 ஆம் ஆண்டு, இரண்டு தங்கப் பதக்கம் வென்ற அந்த டொக்டர், மனைவியுடன் குடியிருக்கக் கலிபோர்னியாவின் கார்டன் குரோவ் பகுதியில் வீடு வாங்கப் போனார். ஆசியருக்கு விற்பதில்லை என்று மறுத்துவிட்டார்கள். விடயம் பத்திரிகைகளில் வந்தது. உப ஜனாதிபதியாக இருந்த ரிச்சட் நிக்ஸன் தலையிடும் அளவுக்குப் போன பின்புதான் அவருக்கு அப்பகுதியில் ஒரு வீடு கிடைத்தது. பதக்கத்தைக் கழுத்தில் போடலாம், பக்கத்து வீட்டில் குடியிருக்க விடமாட்டோம் என்பதுதான் அவர்களுடைய நீதி!

அவர் மனம் கசந்து ஒதுங்கிவிடவில்லை. 1990 ஆம் ஆண்டு ஓய்வு பெறும்வரை அதே மாவட்டத்தில் காது, மூக்கு, தொண்டை வைத்தியராக மக்களுக்குச் சிகிச்சை செய்தார். இளம் வீரர்களைப் பயிற்றுவித்தார். அவரிடம் பயின்ற பொப் வெப்ஸ்டர் 1960இல் ரோமிலும் 1964இல் டோக்கியோவிலும் மேடைப் பாய்ச்சலில் தங்கம் வென்றார். க்ரெக் லூகானிஸ் என்ற சிறுவனைத் தம் வீட்டிலேயே தங்க வைத்துப் பயிற்றினார். அச்சிறுவன் 1976இல் 16 வயதில் வெள்ளி வென்று, 1984இலும் 1988இலும் இரண்டிரண்டு தங்கம் வென்றான். புதன்கிழமை மட்டும் தண்ணீரில் இறங்க விடப்பட்டவர், தாம் கற்றதை எவருக்கும் மறுக்கவில்லை. 2016 ஆம் ஆண்டு டிசம்பர் 2 ஆம் திகதி, 96 வயதில் அவர் மரணமானார். லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் இன்று ஓர் ஆரம்பப் பாடசாலை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அன்புச் சகோதரிகளே! இதுவரை அமெரிக்காவின் கதை. வெள்ளைக்காரனின் நிறவெறியைக் கேட்டு 'சீ' என்று சொல்வது நமக்கு இலேசு. இனி நம் வீட்டுக்குள் வருவோம்.

மனிதனின் உடல் சுத்தமானது என்பது நமது பிக்ஹின் தீர்ப்பு. ஆதமுடைய மக்களை அல்லாஹ் கண்ணியப்படுத்தியிருப்பதாகச் சூரா இஸ்ராவின் 70 ஆவது வசனம் கூறுகிறது. அதனை ஆதாரமாகக் கொண்டு, முஸ்லிமாயினும் அல்லாதவராயினும், உயிரோடிருந்தாலும் மரணித்தாலும் மனித உடல் நஜீஸ் அல்ல என்று நமது இமாம்கள் எழுதி வைத்துள்ளார்கள். சூரா தவ்பாவின் 28 ஆவது வசனத்தில் இணைவைப்போரைப் பற்றி வரும் சொல், கொள்கையின் அசுத்தத்தைக் குறிக்கிறதே தவிர உடம்பின் அசுத்தத்தை அல்ல என்பதே பெரும்பான்மை அறிஞர்களின் விளக்கம். நபி (ஸல்) அவர்கள் ஒரு பயணத்தில், இணைவைக்கும் பெண் ஒருத்தியின் தோல் பையிலிருந்த தண்ணீரைத் தோழர்களுக்குப் பயன்படுத்தக் கொடுத்த சம்பவம் புகாரியில் பதிவாகியிருக்கிறது. துமாமா என்ற கைதி இஸ்லாத்தைத் தழுவு முன்னரே மதீனாப் பள்ளியின் தூணில் கட்டி வைக்கப்பட்டிருந்தார். அதற்காக அந்தப் பள்ளி கழுவப்படவில்லை.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருக்க, நம் சமையலறையில் என்ன நடக்கிறது? வேலைக்கு வரும் பெண்ணுக்கென்று ஓரம் உடைந்த கோப்பை ஒன்று தனியாக இருக்கிறதா இல்லையா? அது ஏன் மற்றக் கோப்பைகளுடன் சேர்வதில்லை? அவள் கழுவிய பீங்கானில் நாம் சாப்பிடுகிறோம், அவள் ஆக்கிய சோற்றை உண்கிறோம், அவள் தோய்த்த உடுப்பில் தொழுகிறோம். அவள் குடித்த கோப்பையில் மட்டும் நம் வாய் படக்கூடாதாம்! கலியாண வீட்டில் ஒரே சஹனில் ஆறு பேர் கை வைத்துச் சாப்பிடும் சமூகம் நாம். அந்தச் சஹனில் யாருடன் யாரை உட்கார வைப்பது என்று நம் கண்கள் தேடுவதை அல்லாஹ் பார்த்துக் கொண்டிருக்கிறான்.

பெண் பார்க்கப் போய் வருகிறோம். ஓதியிருக்கிறாள், படித்திருக்கிறாள், குணமுள்ளவள். 'எல்லாம் நல்லம், ஆனால் நிறம் கொஞ்சம் குறைவு' என்று ஒரு வார்த்தை. அந்தக் குறைவை ஈடு செய்யச் சீதனத்தில் இன்னும் ஓர் இலட்சம்! இதைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் ஆண்களல்ல, மாமிமார்தான் என்பதை மனவருத்தத்துடன் எழுதுகிறேன். நிறத்தைத் தந்தவன் அல்லாஹ். அதில் குறை கண்டு விலை பேசுவது யாரிடம் குறை காண்பது என்று சிந்தித்தீர்களா? புரூக்ஸைட் தடாகத்தின் காவலாளிக்கும் நமக்கும் அப்போது என்ன வித்தியாசம்? அவன் தண்ணீரை இறைத்தான். நாம் ஒரு பெண்பிள்ளையின் கண்ணீரை இறைக்கிறோம்.

அபூதர் (ரழி) அவர்கள் மிகப் பெரிய ஸஹாபி. அவர்கள் ஒருமுறை ஒருவரை அவருடைய தாயைச் சொல்லி இழிவாகப் பேசிவிட்டார்கள். நபி (ஸல்) அவர்கள் அதனைப் பொறுக்கவில்லை. ஜாஹிலிய்யாக் காலத்துக் குணம் அவரிடம் இன்னும் எஞ்சியிருப்பதாகக் கண்டித்தார்கள். பணியாளர்கள் நம் சகோதரர்கள் என்றும், நாம் உண்பதையே அவர்களுக்கு உண்ணவும் நாம் உடுப்பதையே உடுக்கவும் கொடுக்க வேண்டும் என்றும் போதித்தார்கள். அதன் பிறகு அபூதர் (ரழி) அவர்கள் தாம் அணிந்த அதே வகை ஆடையைத் தம் பணியாளருக்கும் அணிவித்திருந்ததைப் பார்த்துக் காரணம் கேட்டவருக்குத்தான் இந்தச் சம்பவத்தைச் சொன்னார்கள். அவ்வளவு பெரிய ஸஹாபியிடமே ஒரு துளி எஞ்சியிருக்குமானால் நம்மிடம் எத்தனை குடம் இருக்கும்?

ஆகவே உம்மாமாருக்கு மூன்று விடயங்களைச் சொல்லி வைக்கிறேன்.

முதலாவது, பிள்ளைகளின் காதில் விழும் பேச்சு. 'அவங்கள் எங்கட ஆக்கள் இல்லை', 'கறுவல்', 'தோட்டத்து ஆக்கள்' என்றெல்லாம் நாம் பேச்சுவாக்கில் விடும் சொற்களைப் பிள்ளை பொறுக்கி வைத்துக் கொள்கிறது. பஸடீனாவில் தண்ணீரை மாற்றச் சொன்ன பெரியவர்களும் ஒரு காலத்தில் தாயின் மடியில் இருந்த குழந்தைகள்தான். அந்த எண்ணம் ஆகாயத்திலிருந்து வந்து விழவில்லை.

இரண்டாவது, பிள்ளையின் திறமை. நீச்சல் கற்பதை வீண் விளையாட்டில் சேர்க்காத நபிமொழி ஒன்றை இமாம் நஸாயீ (ரஹ்) பதிவு செய்துள்ளார்கள். கடலும் ஆறும் குளமும் சூழ்ந்த நம் நாட்டில் நீந்தத் தெரியாத பிள்ளை ஆபத்தில் இருக்கும் பிள்ளை. அவ்ரத்தின் எல்லையைப் பேணி, தொழுகை நேரத்தைப் பேணி, ஆண் பெண் தனித்தனியாகக் கற்க வசதி செய்யுங்கள். விளையாட்டா படிப்பா என்று பிள்ளையை இரண்டாகக் கிழிக்க வேண்டாம். இரண்டையும் தாங்கும் தோள் சில பிள்ளைகளுக்கு உண்டு. அதை அடையாளம் காண்பது பெற்றோரின் வேலை.

மூன்றாவது, அந்த உடைந்த கோப்பை. இதற்குப் பணம் தேவையில்லை, பயான் தேவையில்லை. நாளைக் காலையில் அதை எடுத்து எறிந்துவிட்டு, வேலைக்கு வரும் அந்தப் பெண்ணுக்கு உங்கள் வீட்டுக் கோப்பையில் தேநீர் ஊற்றிக் கொடுங்கள். பிள்ளைகள் பார்க்கும் இடத்தில் கொடுங்கள். நான் இங்கே எழுதிய இத்தனை பக்கத்தையும்விட அந்த ஒரு கோப்பைத் தேநீர் அவர்களுக்கு அதிகம் கற்றுக் கொடுக்கும்.

நிறத்தாலும் குலத்தாலும் அல்லாமல் தக்வாவினால் மட்டுமே அடியார்களுக்கிடையில் ஏற்றத்தாழ்வு வைத்திருக்கும் அல்லாஹ், நம் உள்ளங்களில் தேங்கி நிற்கும் பெருமை என்ற அசுத்தத்தை நீக்கி அருள்வானாக! நம் பிள்ளைகளை எவரையும் இழிவாகப் பார்க்காதவர்களாகவும், எவராலும் இழிவுபடுத்தப்பட்டு உடைந்து போகாதவர்களாகவும் ஆக்குவானாக! ஆமீன்.